‘கரண்டு வைக்கிற எடம்’: பிசியோதெரபி என்றால் என்ன, உருவிவிடுவது எதற்கு?

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு வழி கேட்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. “மிஸ், இந்தக் கரண்டு வைக்கிற எடம் எங்க?” என்றுதான் கேட்பார்கள். வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. தமிழில் ‘இயன்மருத்துவப் பிரிவு’ என்று இருக்கிறது. அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்ப பிசியோ எங்க இருக்கு?” என்று என்னிடமே கேட்டவர்களும் உண்டு. உள்ளே வருகிறவர்கள் எதிர்பார்ப்பது இரண்டில் ஒன்று. வலிக்கிற இடத்தில் கருவியை ஒட்டிக் கரண்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக உருவிவிட வேண்டும். நான் எழுந்து நில்லுங்கள், குனியுங்கள், ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று ஆரம்பித்தால் முகம் வாடிவிடும். இரண்டு பஸ் மாறி, அன்றைய பேரையும் (தோட்டத்து நாள் சம்பளத்தையும்) விட்டுவிட்டு வந்தது எக்சசைஸ் பண்ணவா என்று.

அந்த ஏமாற்றம் எனக்குப் புரியும். எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். ராத்திரி சாப்பாடு முடிந்து, அடுப்படியை ஒதுக்கிவிட்டு, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு “ஏறி மிதிடி” என்பார். ஏழு வயதில் எனக்கு அதுதான் வேலை. லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு கால், முதுகில் ஒரு கால் என்று மெதுவாக மிதிப்பேன். “அங்கதான், அங்கதான்” என்பார். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போவார். விடிந்தால் பிரட்டு (வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்), கூடை, மலை. மறுநாள் ராத்திரி அதே பாய், அதே இடம், அதே வலி. மிதித்தால் போகிற வலி ஏன் மறுநாளே திரும்பி வருகிறது? இந்தத் தொழிலுக்குப் படிக்கப் போன பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

(இடையில் ஒன்று: வயதானவர்கள் முதுகில் பிள்ளைகளை ஏற்றி மிதிக்க விடாதீர்கள். எலும்பு தேய்ந்து போனவர்களுக்கு முள்ளந்தண்டு எலும்பு நசுங்க அவ்வளவு பாரம் போதும். எங்கள் அம்மாவுக்கு அப்போது வயது முப்பதுதான், தப்பித்தார்.)

தேய்த்தால் ஏன் சுகமாக இருக்கிறது?

மேசை விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாக அங்கே போய்த் தேய்க்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. தேய்த்தால் வலி குறையவும் செய்கிறது. அடிபட்ட இடத்தில் எதுவும் மாறவில்லையே, எப்படிக் குறைந்தது? 1965இல் கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த பெற்றிக் வோலும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் வேறு, தொடுகையைக் கொண்டுபோகும் இழைகள் வேறு. வலி இழைகள் மெல்லியவை, தொடுகை இழைகள் தடித்தவை, வேகமானவை. இரண்டும் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணில் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடுகைச் செய்தி கூட்டமாக வந்து சேர்ந்தால் அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்கிறது. வலிச் செய்தியில் கொஞ்சம்தான் மூளைக்குப் போகிறது. இந்த விளக்கத்தின் நுணுக்கங்களைப் பிறகு வந்தவர்கள் நிறையத் திருத்தியிருக்கிறார்கள். அடிப்படை அப்படியே நிற்கிறது.

மூளையிலிருந்து கீழ்நோக்கி வந்தும் அந்தக் கதவைச் சாத்தலாம். நமக்கு வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே நீவிவிட்டால் பயம் தணியும், இறுகியிருந்த சதை தளரும், தூக்கம் வரும். இதைக் கேட்டு ‘அப்போ வலியே மனசுலதானா’ என்று கோபப்பட வேண்டாம். வலி உண்மையானது. அதைக் கூட்டவும் குறைக்கவும் நரம்பு மண்டலத்துக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். தேய்க்கிற தைலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சித்தாலேபவோ கோடாலித் தைலமோ பூசினால் வருகிற குளிர்ச்சியும் எரிவும் தோலில் உள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் வருபவை. மருந்து எலும்புவரை இறங்கி வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. தைலம் பூசிய இடத்தின் மேல் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்து, தோல் பொசுங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

உருவிவிடுவது எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார், சுளுக்கு வழிப்பதில் கெட்டிக்காரி. வழித்துக்கொண்டே ‘ஏவ்... ஏவ்...’ என்று பெரிய பெரிய ஏப்பமாக விடுவார். நமக்குப் பிடித்திருந்த வாயு அவர் வழியாக வெளியே போகிறது என்று எல்லோரும் நம்பினோம். படிப்பு முடித்த பிறகும் எனக்கு அந்த ஏப்பத்தைக் கேட்டால் பாதி வலி போய்விடும். ஆனால் சதைக்குள் வாயு எதுவும் தங்குவதில்லை. ‘கெட்ட ரத்தம்’ தேங்குவதில்லை. நகரத்து மசாஜ் நிலையங்களில் இதையே ‘லக்டிக் அமிலம் கட்டியிருக்கிறது, கரைத்துவிடுகிறோம்’ என்று சொல்வார்கள். பாட்டியின் வாயுவுக்கு இது இங்கிலீஷ் உடுப்பு, அவ்வளவுதான். கடும் வேலை செய்யும்போது கூடுகிற அந்த அமிலத்தை உடம்பே ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆக, உருவிவிடுவது வலியைத் தணிக்கும். அது பொய்யில்லை, சின்ன விஷயமும் இல்லை. ஆனால் சில மணி நேரத்துக்கு, மிஞ்சினால் ஓரிரு நாளைக்கு. பிறகு கதவு பழையபடி திறந்துகொள்ளும். அம்மாவின் வலி மறுநாள் திரும்பி வந்தது இதனால்தான். மறுநாளும் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் நின்று, கொழுந்து ஏற ஏறக் கனக்கிற கூடையை முதுகில் சுமக்க வேண்டும். அந்தச் சுமைக்கு அவர் முதுகைத் தயார்படுத்தியவர் யாருமில்லை.

பிசியோதெரபியே உருவிவிடுகிறவர்களிடமிருந்து பிறந்ததுதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1894இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் சேர்ந்து, மசாஜ் பயின்ற பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபிச் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் இந்தத் தொழில் நடந்து வந்த தூரத்தை ஒரு வரியில் சொன்னால், கையால் செய்வது குறைந்து, நோயாளி தானே செய்வது கூடியிருக்கிறது.

கவ்வாத்து வெட்டிய மலை

உடம்பு எப்படி ஆறுகிறது என்று விளக்க எனக்குக் கவ்வாத்தைவிட நல்ல உதாரணம் அகப்படவில்லை. தேயிலைச் செடியைப் புதிதாகத் துளிர்க்க வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே யாரும் கூடையோடு இறங்குவதில்லை. துளிர் விட்டு ஓரளவு உயரும்வரை விட்டுவைப்பார்கள். பிறகு நுனியை மட்டும் கிள்ளி மட்டம் பிடிப்பார்கள். அதற்கும் பிறகுதான் வழக்கமான எடுப்பு. அதற்காக, ‘பாவம், வெட்டுப்பட்ட செடி’ என்று கிள்ளாமலே விட்டால் என்ன ஆகும்? காடாகிப் போகும்.

நாரோ சதையோ கிழிந்தால் இதே கதைதான். முதல் சில நாள் வீக்கம், சூடு, வலி. அது உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டதன் அடையாளம். அடுத்த சில வாரங்கள் கிழிந்த இடத்தில் புது நார் விழும். அவசரத்தில் அள்ளிப் போட்ட விறகு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக விழும். அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்த நார்கள் ஒழுங்குபட்டு, இறுகி, பலம் பெறும். எந்தப் பக்கம் இழுவை வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்பத்தான் அவை ஒழுங்குபடும். இழுவையே கொடுக்காவிட்டால் எதற்கும் உதவாத நாராகவே நின்றுவிடும். அளவாகவும், நேரம் பார்த்தும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் அந்த இழுவையைக் கொடுப்பதற்குப் பெயர்தான் பிசியோதெரபி. பக்கவாதம் வந்தவரை நடக்கவைப்பது, நெஞ்சில் சளி கட்டியவரை மூச்சுவிடப் பழக்குவது என்று எங்களுக்கு வேறு வேலைகளும் நிறைய உண்டு. இங்கே வலியையும் காயத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பு பழகிக்கொள்வதைச் சொந்தக் காலில் பார்க்க வேண்டுமானால் சிவனொளிபாத மலைக்குப் போய்வாருங்கள். நல்லதண்ணி வழியில் 5,000க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். தொடை பிடிப்பது இறங்கிய மறுநாள். இரண்டாம் நாள் உச்சம். கக்கூசில் குந்த முடியாது, லயத்துப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடியும். காரணம் இதுதான்: இறங்கும்போது தொடையின் முன்சதை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. பழக்கமில்லாத சதைக்கு அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். மூன்று நான்கு நாளில் தானாகவே ஆறிவிடும். அடுத்த சில வாரங்களுக்குள் திரும்பவும் போனால் பாதி வலிகூட இருக்காது. சீசன் நேரத்தில் மூட்டை சுமந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு அது வருவதே இல்லை. வலித்தது என்பதற்காகக் கால் கெட்டுப்போய்விடவில்லை, பலப்பட்டிருக்கிறது. இந்த ஒன்று மனசில் பதிந்தால் என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கானைத் தாண்டும்போது

மழைக்காலத்தில் எங்களிடம் கணுக்கால் கூட்டம்தான் அதிகம். கானை (வடிகாலை) தாண்டும்போது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாகப் புரண்டுவிடும். வெளிக்கணுக்காலில் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போகும். அதுதான் சுளுக்கு. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் காய்ச்சி, சூடு பறக்க வழித்து, ‘மடக்’ என்று ஒரு இழுப்பு. தயவுசெய்து அந்த முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது எலும்பு முறிந்திருக்கிறதா என்று. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் இதற்கு ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடிபட்டவுடனும் பிறகும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? கணுக்கால் எலும்பின் பின் விளிம்பை, கீழிருந்து ஆறு சென்டிமீற்றர் உயரம்வரை, இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். நடுப்பாதத்தில் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பையும், அதற்கு எதிரே உள்பக்கம் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும், இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சதையில் மட்டும் வலி, நடக்கவும் முடிகிறது என்றால் பெரும்பாலும் முறிவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும், சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்தச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஐஸ் வைப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய சண்டை உண்டு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க வைத்தியர். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சைத் திருத்திக்கொண்டார். என் கருத்து: வலி தாங்க முடியாவிட்டால் முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிடம் துணி சுற்றி வையுங்கள், அவ்வளவு போதும். லயத்தில் ஐஸுக்கு எங்கே போவது என்றால், நுவரெலியா பக்கத்துப் பீலித் தண்ணீரில் காலை வைத்தாலே விறைத்துவிடும், ஐஸ் எதற்கு? கிரேப் பண்டேஜை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் இறங்கும்.

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து அசைக்கத் தொடங்குங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதச் சொல்வேன். இங்கிலீஷ் எழுத்து எழுதச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நம்முடைய ‘இ’யும் ‘ஒ’வும் கணுக்காலைச் சுழற்றுகிற மாதிரி அது சுழற்றாது. வலி தாங்குகிற அளவுக்கு நடங்கள். ஒரு வாரம் பத்து நாளில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பத்து பத்தாக மூன்று தடவை. அடுத்தது காலையில் பல் விளக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்பது. சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். இது எதற்கு? கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் நாரோடு சேர்ந்து அடிபட்டிருக்கும். அவற்றைத் திரும்பப் பழக்க வேண்டும். வலி போனதும் இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அடுத்த மழைக்கு அதே கானில் அதே காலைப் புரட்டிக்கொண்டு வருவார்கள். வழித்துவிட்டவருக்குக் கெட்ட பெயர் வருவதும் அப்போதுதான்.

இடுப்பு

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு ‘இதுதான் காரணம்’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. நம் ஆட்களுக்கு அது பிடிக்காது. எம்.ஆர்.ஐ எடுத்து ‘டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) வெலகிருச்சு’ என்று ஒரு வார்த்தை கிடைத்தால்தான் திருப்தி. ஆனால் வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு அறுபது பேர் அளவுக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. தலை நரைப்பது மாதிரி அதுவும் ஒன்று. உண்மையாகவே டிஸ்க் வெளியே வந்து நரம்பை அழுத்தி, காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலிப்பவர்களுக்கும், பலருக்கு அது சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடுகிறது.

ஒருவர் வந்தார். ஐம்பது கிலோ உர மூடையைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கட்டிலோடு கட்டிலாகப் படுத்திருக்கிறார். மனைவி காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்திருக்கிறார். தேய்த்த கையோடு கொஞ்சம் லேசாக இருக்குமாம், எழுந்தால் திரும்பவும் பிடிக்குமாம். நான் பார்த்தபோது இடுப்பைவிடக் காலும் பிட்டச் சதையும்தான் மோசம். மூன்று வாரப் படுக்கை அதைச் செய்திருந்தது. “நீங்க தேய்க்கிறத நிறுத்த வேணாம் அக்கா. ஆனா தேய்ச்சு முடிச்ச ஒடனே படுக்க விடாதீங்க, நடக்க விடுங்க” என்றேன். வலி தணிந்திருக்கிற அந்த நேரம்தான் அசைவதற்கு நேரம். அதைத் தூங்கிக் கழித்தால் தைலத்துக்குப் போட்ட காசு வீண்.

முதல் வாரம் லயத்திலிருந்து கோயில்வரை தட்டையான ரோட்டில் நடை, நாளுக்கு மூன்று தடவை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது, பத்து தடவை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பத்து தடவை. மூன்றாம் வாரம் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசி. அதை உடம்போடு ஒட்டி, முழங்காலையும் இடுப்பையும் மடித்துத் தூக்குவது. பிறகு ஐந்து கிலோ, பத்து கிலோ. “இவ்வளவுதானா மிஸ்?” என்று கேட்டார். இவ்வளவுதான். செய்யும்போது வலிக்குமா என்றால் வலிக்கும். பத்துக்கு மூன்று நான்கு அளவு வலித்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் போதும், சரியான அளவில்தான் செய்கிறீர்கள். மறுநாளும் கூடியே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், அதற்காக நிறுத்த வேண்டாம்.

கரண்டுக்கு வருவோம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நீண்டநாள் இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சிக்கும், நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதற்கும் அதில் இடம் உண்டு. மசாஜும் உண்டு. தோலில் ஒட்டவைத்துக் கரண்டு கொடுக்கும் டென்ஸ் கருவி, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, இழுவைக் கட்டில், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏப்பம் விட்ட பாட்டி ஜெயித்துவிட்டார், கரண்டு தோற்றுவிட்டது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கருவிகளை மூலையில் போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. விரல் மூட்டுகள் இறுகிப்போனவருக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்த கையோடு மடக்கப் பழக்கினால் நன்றாக மடங்கும். அந்த மடக்குதலுக்காகத்தான் மெழுகு.

கொழுந்தெடுக்கிறவர்களின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நாள் முழுக்கக் கிள்ளுகின்றன. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு அந்த விரல்களும் நடுவிரலும் மரத்துப்போய் விழிப்பு வந்தால், கையை உதறினால் சரியானால், அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து அதை மாற்ற முடியாது. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி பட்டி கட்டித் தூங்கினால் பலருக்குக் குறையும். பெருவிரல் அடிச்சதை குழிவிழத் தொடங்கிவிட்டால் தாமதிக்க வேண்டாம், வைத்தியரிடம் போங்கள்.

தோள் உறைவு வேறு விஷயம். சீனி வருத்தக்காரர்களுக்கு அதிகம் வரும். தலை வாரக் கை எழாது. ஆற ஒரு வருடம், சிலருக்கு மூன்று வருடம்கூட ஆகும், பலவந்தமாக முறுக்கினால் மோசமாகும். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றி, எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடச் சொல்வேன். ஒரு அம்மாவின் காம்பராச் சுவரில் அப்படி இருபதுக்கு மேல் கோடுகள். கடைசிக் கோடு சாமிப் படத்துக்குப் பக்கத்தில்.

எப்போது கை வைக்கக் கூடாது

நாட்டு வைத்தியரை, நம் ஆட்கள் ‘வெதமாத்தயா’ என்று சொல்கிறவரை, நான் பழிக்கமாட்டேன். முறிவு நெரிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற கை பல தலைமுறை கண்ட கை. முறிந்த எலும்பை அசையாமல் வைக்க வேண்டும் என்பதில் அவருக்கும் எங்களுக்கும் பேதமில்லை. பேதம் இரண்டு இடத்தில். ஒன்று, எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுவது. மற்றது, கட்டு இறுகுவது. கட்டிய பிறகு விரல் நீலம் பாரித்தால், மரத்தால், விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், உள்ளே சதைக்கு இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். அந்தக் கை வாழ்நாள் முழுக்கக் கோழிக்கால் மாதிரி சுருண்டுபோகும். யார் கட்டிய கட்டாக இருந்தாலும், அது ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், உடனே தளர்த்திவிட்டு ஓடி வாருங்கள்.

பிள்ளைகளின் முழங்கை இன்னொன்று. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கினால், மடங்கவில்லையே என்று எண்ணெய் தேய்த்துப் பலமாக உருவாதீர்கள். அடிபட்ட சதையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். அதன் பிறகு கை சரியாக மடங்காமல் போகலாம். முழங்கையைப் பிள்ளை தானாக அசைக்கட்டும், நாம் அசைக்க வேண்டாம்.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்கக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, படுத்தாலும் தணியாமல் ராத்திரி கூடுகிற வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்தவருக்குப் புதிதாக வருகிற முதுகு வலி, இவை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தியர், பிறகுதான் நாங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் போக முடியாமல் அல்லது அடக்க முடியாமல் ஆகி, தொடை இடுக்கு மரத்து, இரண்டு காலும் தளர்ந்தால் விடியும்வரைகூடப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நடுநெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கு ஓடுகிறது, வியர்க்கிறது என்றால் அதை ‘வாயுப் பிடிப்பு’ என்று தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

வருகிறவர்களுக்கு

அரச ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி இலவசம். ஓபிடியிலோ கிளினிக்கிலோ வைத்தியரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் துண்டோடு வர வேண்டும். எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் பிரிவு இருக்காது. நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும். வெளியே காசு கொடுத்துப் பார்ப்பதானால் ‘இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா?’ என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. டவுனில் மசாஜ் பலகை தொங்குகிற எல்லா இடமும் பிசியோதெரபி இல்லை.

தினமும் பஸ் ஏறி வரச் சொல்லி ஒரு பிசியோ கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு நாள் பேர் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலான வலிகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து, செய்கிற முறை சரியா என்று காட்டி, அடுத்த கட்டத்தைக் கற்றுக்கொண்டு போனால் போதும். மிச்சம் உங்கள் வாசலில்.

முதல் தடவை வரும்போது கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, குடிக்கிற மாத்திரைகளின் அட்டை மூன்றையும் கொண்டுவாருங்கள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், மலைக்குப் போடுகிற செருப்போடு வாருங்கள், அதன் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்காரர்கள் கூடையும் கயிறும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் கொண்டக்டர் முறைப்பார், பரவாயில்லை. கயிறு தலையில் எந்த இடத்தில் உட்காருகிறது, எவ்வளவு நீளம் விட்டிருக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.